நான்கு முறையும் “ரேண்டம்” சோதனை: இது உண்மையிலேயே குலுக்கல்தானா?

காயல்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காயல்பட்டினத்தில் பிறந்து, வணிகத்தின் பொருட்டுக் கால் நூற்றாண்டாக வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் அலைந்துகொண்டிருப்பவன் நான். விமானப் பயணம் எனக்கு இப்போது திருச்செந்தூர் பேருந்தில் ஏறுவது போலத்தான். ஆனால் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், அதன் பெயர் இங்கே தேவையில்லை, கடந்த நான்கு முறையும் வரிசையிலிருந்து தனியே அழைக்கப்பட்டேன். நான்கு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: இது ரேண்டம் சோதனை, உங்களைக் குறிவைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்குச் சீட்டில் தொடர்ந்து நான்கு மாதம் ஒரே ஆளின் பெயர் விழுந்தால், சீட்டு நடத்துபவரை எங்கள் ஊரில் சும்மா விடமாட்டார்கள்.

எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, இது பழகிவிட்டது. இப்போது கவலை என் மகளைப் பற்றியது. வரும் ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா செல்கிறாள். தலையில் முக்காடு அணிபவள். போன வாரம், “வாப்பா, அவர்கள் தொட்டுச் சோதித்தால் எதுவரை நான் ஒத்துக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லலாம்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பெயரையும் தோற்றத்தையும் பார்த்து நிறுத்துவதை அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா? உடல் ஸ்கேனரில் தெரியும் உருவம் எங்கே போகிறது? கைப்பேசியைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மிச்சிகன் மணியன் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிக்கிறேன். மாதம் இருமுறையாவது விமானம் ஏற வேண்டிய வேலை. உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனி அதிகாரங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பெயரைப் பார்த்து நிறுத்துவது ஒன்று, உடலைப் பார்த்து நிறுத்துவது இன்னொன்று, நாட்டின் எல்லையில் நின்று கேள்வி கேட்பது மூன்றாவது. மூன்றையும் செய்வோர் ஒருவரல்லர். மூன்றுக்கும் பரிகாரமும் ஒன்றன்று.

பெயர் விவகாரம் நீங்கள் விமான நிலையத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 2001 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உருவான டி.எஸ்.ஏ. என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், ‘செக்யூர் ஃப்ளைட்’ என்ற திட்டத்தின் கீழ் ஒவ்வொரு பயணியின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றை விமான நிறுவனங்களிடமிருந்து முன்கூட்டியே பெற்று, அரசின் கண்காணிப்புப் பட்டியல்களுடன் ஒப்பிடுகிறது. கூடுதல் சோதனைக்கு உரியவர் என்று கணினி தீர்மானித்தால் போர்டிங் பாஸில் ‘எஸ்’ என்ற எழுத்து நான்கு முறை அச்சாகும். ஆகவே அமெரிக்க விமானத்துக்காக உங்களைத் தனியே அழைக்கும்போது முதலில் அந்தச் சீட்டைப் பாருங்கள். நான்கு ‘எஸ்’ இருந்தால், சாவடியில் நிற்கும் காவலர் உங்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அந்த எழுத்துகள் இல்லாமலே அழைத்தால், அது இயந்திரத்தின் மணி அல்லது மனிதரின் கண். மெய்யான குலுக்கல் முறைத் தேர்வும் இவற்றுக்கு நடுவே நடக்கிறது என்பதுதான் சிக்கல். அதைக் கேடயமாக வைத்துக்கொண்டு எந்தத் தேர்வையும் “ரேண்டம்” என்று சொல்லிவிடலாம், நம்மால் மறுத்து நிறுவ முடியாது.

இந்தப் பெயர் ஒப்பீட்டில் தமிழர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் தலையெழுத்தாகவும், கடவுச்சீட்டில் பின்பெயராகவும், விமானச் சீட்டில் முன்பெயராகவும் மாறி மாறி நிற்கும். அதிலும் அரபுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டல்கள் வருகின்றன. தேடப்படும் யாரோ ஒருவரின் பெயருக்கு அருகில் உங்கள் பெயர் போய் உட்கார்ந்துகொள்ள இதுவே போதும். அதற்குப் பரிகாரம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘டி.எச்.எஸ். டிரிப்’ என்ற இணையவழி முறையீட்டில் கடவுச்சீட்டு விவரங்களைக் கொடுத்தால் ஒரு குறைதீர்ப்பு எண் தருவார்கள். அமெரிக்க விமானங்களுக்குச் சீட்டுப் பதியும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைச் சேர்த்துவிட வேண்டும். பெயர்க் குழப்பம் மட்டும் காரணமாக இருந்தால் இது பெரும்பாலும் வேலை செய்யும்.

சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்டீர்கள். அமெரிக்க நீதித்துறை 2003 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல், கூட்டரசு அதிகாரிகள் இனத்தை அடிப்படையாகக் கொண்டு செயல்படுவதைப் பொதுவாகத் தடைசெய்தது. தேசப் பாதுகாப்புக்கும் எல்லைக்கும் மட்டும் வாசலைத் திறந்தே வைத்தது. 2014 டிசம்பரில் அதை விரிவாக்கிச் சமயம், பிறந்த நாடு ஆகியவற்றையும் சேர்த்தபோதும், எல்லைப் பகுதித் தடுப்பு நடவடிக்கைகளும் பயணிகள் சோதனையும் அதன் வரம்புக்கு வெளியே விடப்பட்டன. தெருவில் செய்தால் தவறு, விமான நிலையத்தில் செய்தால் அந்த வழிகாட்டுதலில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

நேர்பேச்சு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதற்கு முன் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்கிறேன். காயல்கரை ஐயா மனம் நோகக் கூடாது. என் எண்பது வயதுத் தாயாரைச் சக்கர நாற்காலியிலிருந்து எழுப்பி நிற்கவைத்துச் சோதித்தார்கள். அவரைச் சோதிக்கும் நேரத்தில், உண்மையில் ஆபத்து வரக்கூடிய திசையைப் பார்த்திருக்கலாம் அல்லவா? இஸ்ரேல் அப்படித்தான் செய்கிறது. யார் எவர் என்று பார்த்துப் பிரித்து விசாரிக்கிறது. புண்படுத்தாமல் இருப்பதற்காக எல்லோரையும் சமமாகத் தொல்லைப்படுத்துவது அறிவுடைமை என்று எனக்குத் தோன்றவில்லை. அப்துல் கலாமையே சோதித்தார்களே, அதைவிடச் சமத்துவம் வேண்டுமா?

மீனம்பாக்கத்தார் எழுதியது:

நேர்பேச்சு அவர்களுக்கு. நான் சென்னை விமான நிலையத்தில் தரைப்பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தாயாருக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியதே. ஆனால் இஸ்ரேலை எடுத்துக்காட்டாகச் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1972 மே 30 அன்று, இப்போது பென் குரியன் என்று அழைக்கப்படும் லோட் விமான நிலையத்தில் 26 பேர் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் ரோம் வழியாக வந்திறங்கிய மூன்று ஜப்பானியர்கள். காவலர்கள் அரபு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்; துப்பாக்கி ஜப்பானிய முகத்தோடு வந்தது. அடுத்து 1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோ. டெல் அவிவ் செல்லும், இஸ்ரேலின் எல் அல் நிறுவன விமானத்தில் ஏற வந்தவர் கருவுற்றிருந்த ஓர் அயர்லாந்துப் பெண். அவருடைய காதலன் ஜோர்டானியன். அவளுக்கே தெரியாமல் பையின் அடித்தட்டில் ஒன்றரைக் கிலோ செம்டெக்ஸ் வெடிமருந்தை வைத்து அனுப்பியிருந்தான். விமான நிலையத்தின் பொதுச் சோதனையில் பை தப்பிவிட்டது. எல் அல் காவலர் ஒருவர், யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், பையை யார் கொடுத்தார்கள் என்று சாதாரணக் கேள்விகள் கேட்டபோது விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதனால் பை பிரிக்கப்பட்டது. இதை இனத்தோற்றச் சோதனையின் வெற்றியாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். முகத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணைப் புன்னகையோடு உள்ளே அனுப்பியிருப்பார்கள்.

எனக்கு நெருக்கமான நிகழ்வு ஒன்றும் உண்டு. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பது பேரளவில் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்காகப் பெட்டிகளைப் பதிவுசெய்த ஆள் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் மட்டும் நிலையத்தில் கிடந்தன. மறுஆண்டு 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரம் வெடித்து 329 பேர் மாண்டதும் அதே வகையில்தான்: வான்கூவரில் பெட்டியை ஒப்படைத்தவர் பயணம் செய்யவில்லை. இரண்டிலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ‘இந்தப் பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இருக்கிறாரா?’ என்பதே. நான் பணியில் சேர்ந்த காலத்தில், விமானத்தின் அருகே வெயிலில் பெட்டிகளை வரிசையாக அடுக்கிவைத்து, பயணி வந்து தம் பெட்டியைத் தொட்டுக் காட்டினால்தான் ஏற்றுவோம். எல்லோருக்கும் எரிச்சல், எங்களுக்கும் எரிச்சல். ஆனால் அதில் எவருடைய சாதியும் மதமும் நிறமும் வரவில்லை.

பெட்டி விதியால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்லமாட்டேன். 2001 செப்டம்பர் 11 அன்று, அப்போதிருந்த ‘கேப்ஸ்’ என்ற கணினி முறை, கடத்தல்காரர்கள் 19 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள் என்று சரியாகவே தேர்ந்தெடுத்தது. அதன் விளைவு, அவர்கள் விமானத்தில் ஏறியது உறுதியாகும் வரை அவர்களுடைய பெட்டிகளை ஏற்றாமல் வைத்திருந்தது மட்டுமே. சாகத் துணிந்தவர்கள் ஏறிவிட்டார்கள், பெட்டியும் ஏறிவிட்டது. அன்றைய ஓட்டையை அடைத்ததில் பெரும்பங்கு விமானி அறையின் கெட்டிக் கதவுக்கு உண்டு என்பது, எங்களைப் போன்ற பழைய ஆட்கள் தேநீர் வேளையில் சொல்லிக்கொள்ளும் கருத்து.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் நாளொன்றுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதனைச் சாவடிகளைக் கடக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும் ஒரு முறை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்; அப்போதும் நாள்தோறும் 20,000 குற்றமற்றவர்கள் தனியே நிறுத்தப்படுவார்கள். அந்த 20,000 பேரும் ஒரே வகை முகத்தையும் ஒரே வகைப் பெயரையும் உடையவர்களாக இருந்தால், தொல்லை முழுவதும் ஒரு வீட்டு வாசலிலேயே வந்து விழுகிறது.

கலாம் பற்றி. 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அவரைச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்கு விதிவிலக்கு இருந்தும் நடந்ததால் நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் மீண்டும் நடந்தபோது அமெரிக்க அரசே வருத்தம் தெரிவித்தது. இரண்டு முறையும் நாம் கொதித்தது, பெரிய மனிதரைச் சாதாரணப் பயணியைப் போல நடத்திவிட்டார்களே என்றுதான். காயல்பட்டினத்து வணிகரை நான்கு முறை நிறுத்தினால் எந்த அவையிலும் கூச்சல் எழாது. அவருக்கு விதிவிலக்குப் பட்டியலும் கிடையாது.

செந்தூல் வாசி எழுதியது:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். பெயர்ப் பட்டியல் பற்றி மணியன் அண்ணன் மென்மையாகச் சொல்லிவிட்டார். எங்கள் நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கு நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ரஹினா இப்ராஹிம், 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், சக்கர நாற்காலி தேவைப்பட்ட உடல்நிலையில், மகளின் கண்ணெதிரே கைவிலங்கிடப்பட்டார். காரணம் கேட்டு வழக்குத் தொடுத்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், நீதிபதி வில்லியம் அல்சப் அளித்த தீர்ப்பில் வெளிவந்த உண்மை இது: எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 2004 நவம்பரில் கண்காணிப்புப் பட்டியலுக்கான ஒரு படிவத்தின் அறிவுறுத்தலைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான கட்டங்களில் குறியிட்டுவிட்டார். அவ்வளவுதான். எழுத்தர் பிழை என்று ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, அரசு இரகசியம் என்று சொல்லியே அத்தனை ஆண்டுகள் வழக்காடினார்கள். விசாரணையில் சாட்சி சொல்லப் புறப்பட்ட அவருடைய மகள் அமெரிக்கக் குடிமகள். அவரையும் கோலாலம்பூரில் விமானம் ஏற விடவில்லை.

எனவே ஐயா, குறைதீர்ப்பு எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சடைநாச்சி எழுதியது:

படச் செயலாக்கத் துறையில் பணிபுரிகிறேன். காயல்கரை ஐயாவின் மகளுக்கான பதிலை நான் எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் தலைமுடிதான் என்னை இந்தக் கேள்விக்குள் இழுத்தது. இடுப்பு வரை தொங்கும் சடை எனக்கு. எந்த ஊர் ஸ்கேனரில் நின்றாலும் திரையில் இருக்கும் பொம்மை உருவத்தின் பின்கழுத்தில் மஞ்சள் கட்டம் விழும். உடனே ஒருவர் வந்து சடையைப் பிசைந்து பார்ப்பார். அவரிடம் எந்தக் காழ்ப்பும் இருக்காது. கட்டம் விழுந்த இடத்தைத் தொட வேண்டும் என்பது அவருக்கு விதி.

இந்த இயந்திரங்கள் பரவலானதற்குக் காரணம் 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் நடந்த முயற்சி. நைஜீரிய இளைஞர் ஒருவர் உள்ளாடையில் வெடிமருந்து வைத்திருந்தார். அவருடைய தந்தையே அதற்கு முந்தைய மாதம் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் மகனைப் பற்றி எச்சரித்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். தகவல் கையில் இருந்தும் பட்டியலில் ஏறவில்லை. அதற்கு அரசு உடனடியாகச் செய்தது என்ன? 2010 ஜனவரியில் 14 நாடுகளின் குடிமக்கள் அனைவருக்கும் கூடுதல் சோதனை என்று அறிவித்தார்கள். சில மாதங்களில், ஏப்ரலில், அதைக் கைவிட்டு, கிடைத்த உளவுத் தகவலின் அடிப்படையில் தேர்ந்தெடுப்போம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

அப்போது வந்த ஸ்கேனர்களில் இரண்டு வகை. எக்ஸ்ரே கதிர் உடலில் பட்டுச் சிதறுவதைப் பிடிக்கும் வகை, ஆடைக்குள் இருக்கும் உடலை ஏறக்குறைய ஆடையின்றிக் காட்டியது. தனி அறையில் ஒருவர் அமர்ந்து அதைப் பார்த்தார். படம் சேமிக்கப்படாது என்று உறுதியளித்தார்கள். ஆனால் 2010இல், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நீதிமன்ற வாசலில் அமெரிக்க மார்ஷல் துறை வைத்திருந்த வேறொரு ஸ்கேனரில் 35,000க்கும் மேற்பட்ட படங்கள் சேமிப்பில் இருந்தது வெளிவந்தது. விமான நிலையத்து இயந்திரம் அன்று என்றாலும், ‘சேமிக்காது’ என்பதும் ‘சேமிக்க முடியாது’ என்பதும் ஒன்றல்ல என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. 2011இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்கேனர் பயன்பாடு அரசியலமைப்புக்கு முரணன்று என்றது. அதேநேரம், பொதுமக்களின் கருத்தைக் கேட்காமலே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது தவறு என்றும் சொன்னது. பின்னர் பொம்மை உருவம் மட்டும் தெரிய வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டமியற்ற, அதற்கு இணங்காத எக்ஸ்ரே வகை 2013இல் விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டது. இன்று இருப்பது மில்லிமீட்டர் அலை வகை. உங்கள் மகளின் உடல் எந்த அதிகாரியின் திரையிலும் தெரியாது என்று இன்றைய நிலையில் துணிந்து சொல்லலாம்.

அந்தரங்கத்தின் ஒரு பாதி அப்படித் தீர்ந்தது. மறுபாதி கைகளுக்கு இடம் மாறிவிட்டது. அலை துணியைக் கடந்து தோலில் பட்டுத் திரும்புகிறது. மடிப்பு மடிப்பான துணி, அடர்ந்த கூந்தல், வியர்வை எல்லாம் அதைக் குழப்புகின்றன. ‘வழக்கமான உடல்’ எது என்று மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தவரின் மனத்தில் தலைப்பாகையும் புடவையும் பின்னல் போட்ட கறுப்பினப் பெண்ணின் கூந்தலும் இருந்திருக்காது. பெண்ணா ஆணா என்று பார்த்து ஊழியர் ஒரு பொத்தானை அழுத்தியே இயந்திரத்தை இயக்க வேண்டியிருந்தது. திருநங்கையரும் திருநம்பியரும் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2023இல்தான் பால் வேறுபாடு பாராத மென்பொருளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மனிதர் பாகுபாடு காட்டினால் முறையிட ஒரு முகம் இருக்கிறது. கட்டம் விழுந்ததற்கு யாரிடம் முறையிடுவது? 2010 டிசம்பரில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் உடல் தடவிச் சோதிக்கப்பட்டார். அவர் புடவை அணிந்திருந்தார் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

மகளுக்கு நேரடியாகச் சொல்வதென்றால்: முக்காட்டோடு சாவடியைக் கடக்கலாம். தலையைத் தொட்டுச் சோதிக்க வேண்டும் என்றால் பெண் அதிகாரியே செய்ய வேண்டும். தனி அறை வேண்டும் என்று கேட்கலாம், உடன் ஒருவர் இருக்கட்டும் என்றும் கேட்கலாம். முக்காட்டை எடுக்கச் சொன்னால், ஆடவர் இல்லாத தனி அறையில்தான் எடுப்பேன் என்று சொல்வது அவளுடைய உரிமை. முழுச் சோதனையையும் மறுத்துவிட்டு விமானம் ஏற மட்டும் முடியாது. உலோக ஊக்குகளுக்குப் பதிலாகத் துணி முடிச்சாகக் கட்டிக்கொண்டால் பாதி தொல்லை குறையும் என்று என் தோழி சொல்கிறாள்.

நேர்பேச்சு எழுதியது:

மீனம்பாக்கத்தார் ஐயாவின் பெட்டிக் கதைக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அயர்லாந்துப் பெண்ணின் செய்தியை நான் இதுவரை தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். ஆனால் முகத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்க்கலாமே? பதற்றம், வியர்வை, பார்வையைத் தவிர்ப்பது ஆகியவற்றுக்கு மதம் கிடையாதே?

மிச்சிகன் மணியன் எழுதியது:

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2007 முதல் ‘ஸ்பாட்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, பயணிகளின் முகபாவத்தையும் அசைவுகளையும் கவனிக்கவைத்தார்கள். 2015இல் கசிந்து வெளியான மதிப்பெண் பட்டியலில் மிகையான கொட்டாவி, விசிலடித்தல், தொண்டையைச் செருமிக்கொண்டே இருத்தல், அண்மையில் தாடி மழித்ததால் வெளுத்த முகம் எல்லாம் இருந்தன. இரவு முழுவதும் பயணம் செய்து வருகிறவருக்குக் கொட்டாவி வராமல் என்ன வரும்? 2013 நவம்பரில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., அதுவரை ஏறக்குறைய 90 கோடி டாலர் செலவான இந்தத் திட்டத்துக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்றும், நடத்தையைப் பார்த்து ஏமாற்றுவோரைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறன் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலானது அல்லது அதற்குச் சமமானது என்றும் எழுதி, நிதியைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பாஸ்டன் லோகன் நிலையத்தில் பணியாற்றிய முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகளே, தம் சக ஊழியர்கள் கறுப்பினத்தவரையும் மத்தியக் கிழக்குத் தோற்றம் உடையவர்களையும் தேடித் தேடி நிறுத்துகிறார்கள் என்று புகார் செய்திருந்தார்கள். நடத்தையைப் பார்க்கச் சொன்னால், பார்க்க வேண்டிய முகங்களைக் கண் முதலிலேயே தேர்ந்துகொள்கிறது. பதற்றமும் அப்படித்தான். மூன்று முறை நிறுத்தப்பட்ட காயல்கரை ஐயா நான்காம் முறை பதறாமல் எப்படி நிற்பார்?

இனி கைப்பேசி. இது எல்லை அதிகாரிகளின் வேலை. சாவடிக் காவலர்களுக்கு இதில் பங்கில்லை. நாட்டுக்குள் காவல்துறை ஒருவரைக் கைதுசெய்தால்கூட, கைப்பேசியைத் திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லையில் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆணை தேவை என்று கோரிய பயணிகளின் வழக்கை 2021 பிப்ரவரியில் பாஸ்டனிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2018ஆம் ஆண்டின் உள்விதிப்படி, அதிகாரி கையில் வைத்துப் புரட்டிப் பார்ப்பதற்கு எந்தச் சந்தேகமும் தேவையில்லை. கருவியில் இணைத்துப் படியெடுப்பதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கருவிக்குள் இருப்பதை மட்டுமே பார்க்கலாம். 2017 நிதியாண்டில் ஏறக்குறைய 30,000 கருவிகள், 2024இல் 47,000 கருவிகள் இவ்வாறு பார்க்கப்பட்டன. வந்துபோகும் கோடிக்கணக்கானோரில் இது மிகச் சிறு பங்கு. ஆனால் அந்தச் சிறு பங்கு யார் யாருக்கு என்பதுதானே உங்கள் கேள்வி. குடிமகன் கடவுச்சொல்லைக் கொடுக்க மறுத்தால் கருவியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அவரை நாட்டுக்குள் விட்டாக வேண்டும். மாணவர் விசாவில் வருபவரைத் திருப்பி அனுப்பிவிட முடியும். எனவே மகளிடம் வீரம் காட்டச் சொல்லாதீர்கள். தேவையற்ற படங்களையும் உரையாடல்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். 2025 ஜூன் முதல், மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருப்பதால், அவர்கள் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியை விசா நேரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள்.

லண்டனில் மாறிச் செல்லும் வழி என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி, துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் யாரையும், எந்தச் சந்தேகமும் இல்லாமலே, ஆறு மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கலாம். முன்பு ஒன்பது மணி நேரமாக இருந்தது. பதில் சொல்ல மறுப்பதும் கடவுச்சொல் தர மறுப்பதும் அங்கே குற்றம். 2017இல் ஒருவர் அதற்காகத் தண்டிக்கப்பட்டார். பழைய ஒன்பது மணி நேர வடிவம் தனிவாழ்வு உரிமையை மீறியது என்று 2019இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சடைநாச்சி எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். சாவடியில் அடையாளம் சரிபார்க்க முகத்தைப் படமெடுக்கும் கருவி இருந்தால், வேண்டாம், கடவுச்சீட்டைப் பார்த்தே சரிபாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் குடிமக்கள் அல்லாதோர் நாட்டுக்குள் நுழையும்போது எல்லையில் எடுக்கப்படும் படத்தைத் தவிர்க்க வழியில்லை. குடிமக்களின் படத்தை 12 மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்லும் அதே எல்லைத் துறை, மற்றவர்களின் படத்தை 75 ஆண்டுகள் வரை வைத்துக்கொள்கிறது. பாதுகாப்பாக இருக்குமா என்றால், 2019இல் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தன் கணினிக்குப் படியெடுத்து வைத்திருந்த ஏறக்குறைய 1,84,000 பயணிகளின் முகப்படங்கள் திருட்டுக்கு ஆளாயின. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் நடத்திய ஆய்வில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களை வேறொருவர் முகமாகத் தவறாகப் பொருத்துவது, வெள்ளையர் முகங்களைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகம் என்று தெரியவந்தது. எல்லா மென்பொருளும் அப்படி இல்லை, நல்லவையும் இருந்தன.

காயல்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மீனம்பாக்கத்தார் ஐயா எழுதியதை மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கனிஷ்காவைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லையாம்.

மணியன் தம்பி சொன்னபடி பழைய போர்டிங் பாஸ்களைத் தேடி எடுத்தேன். இரண்டுதான் கிடைத்தன. இரண்டிலும் நான்கு ‘எஸ்’ இல்லை. அமெரிக்க விமானமாக இல்லாததால் அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது புரிகிறது. நேர்பேச்சு ஐயா மாற்றுக் கருத்தை மரியாதையாகச் சொன்னார், கேட்டுவிட்டுத் தம் கருத்தைத் திருத்தவும் செய்தார். அவருடைய தாயாருக்கு என் ஸலாமைச் சொல்லவும்.

மகளின் விமானச் சீட்டை இப்போதுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். பயண முகவர் அவள் பெயரைப் பின்பெயராகவும் என் பெயரை முன்பெயராகவும் போட்டு வைத்திருக்கிறார். கடவுச்சீட்டில் நேர்மாறாக இருக்கிறது. முறையீட்டுப் படிவமெல்லாம் அப்புறம். நாளைக் காலை கடை திறந்ததும் அவரிடம் போய் இதைத் திருத்த வேண்டும்.